விண்ணின்மேல் சுமத்தும் பழி

பொதட்டூர்பேட்டையின் மொட்டைமாடி ஒன்றில் நின்று வடகிழக்கே நோக்கினால், வான்வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த தொலைவில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இருக்கிறது. தென்மேற்கே திரும்பினால், ஏறத்தாழ அதே தொலைவில், ஜவ்வாது மலைமீது காவலூர் வானாய்வகம் இருக்கிறது. ஒன்று விண்ணுக்கு ஏறும் வாயில். மற்றொன்று விண்ணை உற்றுநோக்கும் கண். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இந்த நெசவாளர் ஊருக்கு வானம் அந்நியமானதன்று. அருகிலுள்ள திருத்தணி மலையில் ஆடித் திங்களில் கூடும் பெருங்கூட்டம் கார்த்திகை விண்மீனை வைத்தே தன் நாளைக் குறிக்கிறது. கத்தோலிக்கராகிய நாமும் வசந்தகாலச் சமபகலிரவை அடுத்துவரும் முழுநிலவைக் கொண்டே உயிர்ப்புப் பெருவிழாவின் ஞாயிற்றைக் கணிக்கிறோம். வானத்தைப் பார்த்து வாழ்வை ஒழுங்கு செய்துகொண்ட மக்கள் நாம்.

ஆயினும், அதே வானத்தில் பழக்கமில்லாத ஓர் ஒளி தோன்றிவிட்டால், பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டுப் பேசும் பழக்கத்துக்குத் தாவிவிடுகிறோம். பறக்கும் தட்டு என்கிறது ஒரு குரல். அரசுகள் எல்லாவற்றையும் மறைக்கின்றன என்கிறது இன்னொன்று. உலகமுடிவின் அடையாளம், மனந்திரும்ப நாள் குறுகிவிட்டது என்று துண்டறிக்கை அச்சிடுகிறது மூன்றாவது. நம் முன்னோர் வானூர்தி ஓட்டியதற்கு இதுவே சான்று என்கிறது நான்காவது. நம்முள்ளும் சிலர், எசேக்கியேல் இறைவாக்கினர் கண்ட சக்கரங்கள் விண்கலமே என்று 1968ஆம் ஆண்டு எரிக் ஃபான் டேனிக்கன் எழுதிப் புகழ்பெற்ற கற்பனையை இன்றும் மெய்யென்று பகிர்கின்றனர். குரல்கள் பலவாயினும் குற்றம் ஒன்றே: ஆராயாமல் சாட்சி சொல்வது.

வேற்றுலகில் உயிர் உண்டா என்னும் கேள்வியை நாம் எதிர்க்கவில்லை. அது மாண்புமிக்க கேள்வி. நாம் எதிர்ப்பது, அக்கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக ஊரை நம்பவைக்கும் அவசரத்தை. பத்துக் கட்டளைகளுள் எட்டாவது பொய்ச்சாட்சியை விலக்குகிறது. அக்கட்டளை நீதிமன்றக் கூண்டோடு முடிந்துவிடுவதன்று. மொட்டைமாடிக்கும் கைப்பேசிக்கும் அது பொருந்தும் என்பதே நம் வாதம். இதனை அற்ப விளையாட்டென்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உள்ளன. அவற்றுக்கு வருமுன், இப்பேச்சு உலகில் எவ்வாறு தொடங்கிற்று என்பதை அறிந்துகொள்வோம்.

ஒரு சொல் பிறந்த கதை

இத்தாலிய இயேசு சபைக் குருவும் வானியலாளருமான ஆஞ்செலோ செக்கி, 1858இல் செவ்வாய்க் கோளின்மேல் தெரிந்த கரிய பகுதி ஒன்றைக் ‘கனாலே’ என்று குறித்தார். 1877இல் ஸ்கியாபரெல்லி என்னும் வானியலாளர் அதே சொல்லின் பன்மையைக் கோடுகள் பலவற்றுக்குச் சூட்டினார். இத்தாலியத்தில் அச்சொல் இயற்கையான நீர்த்தடத்தையும் குறிக்கும். வெட்டப்பட்ட கால்வாயையும் குறிக்கும். ஆங்கிலத்துக்குப் போகையில் அது கால்வாய் என்றே நிலைத்துவிட்டது. கால்வாய் என்றால் வெட்டியவர் யார் என்ற கேள்வி எழுமன்றோ? அமெரிக்கச் செல்வர் பெர்சிவல் லோவெல் 1894இல் தம் செலவில் வானாய்வகம் நிறுவி, செவ்வாயில் நீர்ப்பாசனம் செய்யும் அறிவுயிர்கள் வாழ்வதாக நூல்கள் எழுதினார். 1965 ஜூலையில் மரினர் 4 என்னும் விண்கலம் செவ்வாயின் அருகே பறந்து படமெடுத்தபோது, கிண்ணக் குழிகள் தெரிந்தன; கால்வாய் ஒன்றும் இல்லை. இரண்டு தலைமுறையினரின் கற்பனையை ஆண்டது ஒரு சொல்லின் இருபொருள்.

பறக்கும் தட்டின் கதையும் அத்தகையதே. 1947ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், கென்னத் ஆர்னால்டு என்னும் அமெரிக்க விமானி, ரெய்னியர் மலையருகே ஒன்பது ஒளிரும் பொருள்கள் விரைந்து செல்லக் கண்டதாகக் கூறினார். நீர்ப்பரப்பின்மேல் தட்டொன்றை வீசினால் அது தத்தித் தத்திச் செல்வதுபோல அவை சென்றன என்று அவற்றின் ஓட்டத்தை விளக்கினார். செய்தித்தாள்களோ ஓட்டத்தின் உவமையை உருவத்தின் பெயராக்கிவிட்டன. பெயர் பிறந்த சில நாள்களிலேயே தட்டுகளைக் கண்டோர் நாடெங்கும் பெருகினர்.

அமெரிக்க வான்படை இச்செய்திகளை ஆராயாமல் விட்டுவிடவில்லை. 1947 முதல் 1969 வரை அது திரட்டிய அறிக்கைகள் 12,618. அவற்றுள் மிகப்பலவற்றுக்குக் கோள்கள், விண்மீன்கள், வானிலைப் பலூன்கள், விமானங்கள், எரிமீன்கள் என விளக்கம் கிடைத்தது. 701 நிகழ்வுகள் மட்டும் விளக்கப்படாமல் எஞ்சின. இந்த 701ஐத்தான் பறக்கும் தட்டின் அன்பர்கள் இன்றும் கொடியாகப் பிடிக்கின்றனர். ஆனால் ‘இன்னதென்று தெரியவில்லை’ என்பது ஓர் அறியாமையின் பெயர். ஓர் அறிவின் பெயராக அதனை மாற்றிக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை. ஊரில் நடந்த திருட்டுகளுள் சிலவற்றில் திருடன் பிடிபடவில்லை என்பதற்காக, திருடியவன் நிலவிலிருந்து வந்தவன் என்று எழுதும் காவல் நிலையம் உண்டோ?

மறுபக்கத்தின் அவசரத்தையும் நாம் மறைக்கலாகாது. வான்படையின் ஆலோசகராக இருந்த ஆலன் ஹைனெக் என்னும் வானியலாளர், 1966 மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்தில் பலர் கண்ட ஒளிகளுக்குச் சதுப்புநில வாயு காரணமாகலாம் என்றார். மக்கள் நகைத்தனர், தம்மை மூடர்களாக்குவதாகச் சினந்தனர். அச்சினமே நாடாளுமன்ற விசாரணை வரை சென்றது. அதன்பின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் எட்வர்டு காண்டன் தலைமையில் தனி ஆய்வு நடந்தது. இந்நிகழ்வுகளை மேலும் ஆராய்வதால் அறிவியலுக்குப் பயன் விளையும் என்று தோன்றவில்லை என 1969இல் வெளியான அதன் அறிக்கை முடித்தது. அண்மையில் 2023 செப்டம்பரில், நாசா அமைத்த தற்சார்புக் குழுவும், இத்தகைய காட்சிகள் வேற்றுலகத்தைச் சார்ந்தவை என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. நம்பத்தக்க தரவுகளே போதாமலிருப்பதையும் அது சுட்டிக்காட்டியது. கண்டவரை ஏளனம் செய்வது விடையாகாது. அவர் கண்டதைக் கேட்டு, குறித்து, ஆராய்வதே விடை.

எல்லையில் எழுந்த ஒளி

‘இதனால் யாருக்கு என்ன கேடு? பொழுதுபோக்குத்தானே?’ என்று கேட்போர் லடாக்கை நினைத்துப் பார்க்கட்டும்.

2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை, சீன எல்லையை ஒட்டிய ஏரிப் பகுதியில், நம் படைவீரர்கள் வானத்தில் அடையாளம் தெரியாத ஒளிகளை 329 முறை கண்டு பதிவு செய்தனர். அவற்றுள் 155 முறை அவை கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி நம் பக்கம் நுழைந்ததாகவும் குறிக்கப்பட்டது. சீனாவின் உளவு வானூர்திகளோ என்ற ஐயம் எழுந்தது. இரு நாட்டுப் படைகள் எதிரெதிரே நிற்கும் அவ்விடத்தில் ஐயம் என்பது சிறிய சொல்லன்று. 2020 ஜூனில் அதே லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில், துப்பாக்கி வெடிக்காமலேயே, ஒரே இரவில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தனர் என்பதை மறந்துவிடலாகாது.

படை அன்று செய்த செயல் போற்றத்தக்கது. அது ஊகத்தின்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. பெங்களூரிலுள்ள இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தை அணுகி, இவ்வொளிகள் விண்ணைச் சார்ந்தவையா, மண்ணைச் சார்ந்தவையா என்று கேட்டது. நம் காவலூரை நடத்தும் நிறுவனமும் அதுவே. அறிஞர்கள் ஒளிகளின் திசையையும் உயரத்தையும் நேரத்தையும் குறித்துக் கோள்களின் நிலையோடு ஒப்பிட்டனர். விடை கிடைத்தது: ஒன்று வெள்ளி, மற்றொன்று வியாழன். உலகம் தோன்றிய நாளிலிருந்து எவருடைய எல்லையையும் மதித்தறியாத இரண்டு கோள்கள்! மலையுச்சியின் மெல்லிய காற்றில் அவை வழக்கத்தினும் ஒளிமிகுந்து தெரிந்திருக்கின்றன.

கண்ட வீரர்கள் பொய் சொல்லவில்லை. ஒளி உண்மையாகவே இருந்தது. ஆனால் ‘ஒளியைக் கண்டேன்’ என்பது சாட்சியம். ‘எதிரியைக் கண்டேன்’ என்பது தீர்ப்பு. சாட்சியத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவே ஆராய்ச்சி என்னும் பாலம் இருந்ததால் அமைதி காக்கப்பட்டது. அப்பாலம் இல்லாத இடத்தில் என்ன நேரிடும் என்பதற்கு, நம் அருகிலேயே மற்றொரு நிகழ்ச்சி உண்டு.

மண்ணில் விழுந்த மனிதன்

2016ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், அன்றைய வேலூர் மாவட்டத்து நாட்றம்பள்ளியை அடுத்த தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் பெருத்த ஓசை எழுந்தது. சன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. தரையில் சிறு குழி ஏற்பட்டது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார்; வேறு சிலர் காயமுற்றனர். விண்கல் விழுந்தது என்ற செய்தி பரவிற்று. அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவும் விண்கல் விழுந்ததில் இறந்தார் என்று குறிப்பிட்டே, இறந்தவரின் குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் உதவித்தொகை அறிவித்தார். வரலாற்றில் விண்கல்லால் உயிரிழந்த முதல் மனிதர் என்று உலக நாளேடுகள் எழுதின.

நாசாவைச் சேர்ந்த அறிஞர்கள் வெளியான படங்களைப் பார்த்துவிட்டு, இது விண்ணிலிருந்து வந்த பொருளின் விளைவாகத் தோன்றவில்லை, தரையில் நிகழ்ந்த வெடிப்பையே ஒத்திருக்கிறது என்றனர். காரணம் எளிது. சிறிய விண்கல் காற்று மண்டலத்தின் உராய்வால் தன் வேகத்தை இழந்துவிடுகிறது. தரையை அடையும்போது, உயரத்திலிருந்து நழுவவிட்ட கல்லின் வேகமே அதற்கு இருக்கும். அது வெடிப்பதில்லை, தீ மூட்டுவதுமில்லை. நாட்றம்பள்ளி நிகழ்ச்சியை விண்கல்லால் நேர்ந்த சாவு என்று அறிவியல் உலகம் ஏற்றுக்கொள்ளவும் இல்லை.

எவர்மீதும் குற்றஞ்சாட்டுவது நம் நோக்கமன்று. நாம் கேட்பது ஒன்றே. ‘வானம் கொன்றது’ என்று ஊரே சொல்லிவிட்டபின், மண்ணில் எவரும் எதற்கும் பொறுப்பாளியாக மாட்டாரே! விண்கல்லுக்கு வழக்கில்லை, வாய்தா இல்லை, தண்டனையும் இல்லை. உழைத்துப் பிழைக்கும் ஓர் எளிய மனிதனின் சாவுக்குக் காரணம் என்ன என்ற கேள்வியைவிட, உலகச் சாதனை ஒன்று நம் மாவட்டத்தில் நிகழ்ந்தது என்ற பரபரப்புப் பெரிதாயிற்று. ஆண்டவர் காயீனிடம் ஆபேலைப் பற்றிக் கேட்டபோது, காயீன் விண்ணைச் சுட்டிக்காட்டித் தப்பிக்கவில்லை; அந்தத் தந்திரம் அவனுக்கும் தோன்றவில்லை. நமக்குத் தோன்றுகிறது! மண்ணில் தேடவேண்டிய பொறுப்பை விண்ணின்மேல் ஏற்றிவிடும் இந்த வழக்கம்தான் நாம் கண்டிக்கும் தீமை. வானத்து அடையாளங்களைக் காட்டி அச்சுறுத்தும் போதகர் செய்வதும் இதுவே. ஏரியை நிரவி மனைபோட்டவர் யார் என்று கேட்கவேண்டிய மக்களை, திருவெளிப்பாட்டின் எக்காளங்களை எண்ணவைத்துவிடுகிறார் அவர்.

நம்பிக்கைக்கு ஆபத்தா?

இனி, எதிர்ப்புறத்திலிருந்து வரும் அச்சத்துக்கு வருவோம். ‘வேற்றுலகில் உயிர் உண்டென்றால் விவிலியம் என்னாவது? மீட்பு என்னாவது? இந்த ஆராய்ச்சியே நம்பிக்கைக்கு எதிரானது’ என்று கலங்குவோர் நம் பங்குகளில் இல்லாமலில்லை. அவர்களுக்கு மறுமொழி சொல்வது திருச்சபையின் சொந்த வரலாறே.

1277ஆம் ஆண்டிலேயே பாரிஸ் ஆயர் எத்தியேன் தாம்பியே, கடவுளால் பல உலகங்களைப் படைக்க இயலாது என்ற கூற்றைக் கண்டனம் செய்தார். பல உலகங்கள் உண்டென்று அவர் கூறவில்லை. கடவுளின் ஆற்றலுக்கு எல்லைக்கோடு போடாதீர் என்றார். 1440இல் குசா நகரத்து நிக்கோலஸ், பிற விண்பொருள்களிலும் உயிர்கள் வாழக்கூடும் என்று எழுதினார். அவர் தண்டிக்கப்படவில்லை; பின்னர் கர்தினாலாக உயர்த்தப்பட்டார்.

இருண்ட பக்கத்தையும் நாம் புரட்டத் தயங்கக் கூடாது. 1600 பிப்ரவரி 17ஆம் நாள் உரோமையில் ஜொர்தானோ புருனோ உயிரோடு எரிக்கப்பட்டார். அவர்மீது சாட்டப்பட்டவற்றுள் பெரும்பாலானவை மறையியல் சார்ந்தவை என்றாலும், எண்ணற்ற உலகங்கள் பற்றிய அவர்தம் கொள்கையும் அவற்றுள் இருந்தது. கலிலேயோ 1633இல் தீர்ப்பிடப்பட்டார். அவர் விவகாரத்தில் இறையியலார் செய்த பிழையைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். புருனோவின் சாவைக் குறித்து வத்திக்கான் 2000இல் வருத்தம் தெரிவித்தது. அவசரத் தீர்ப்பு அதிகாரத்தின் கையில் இருந்தால் எத்தகைய கொடுமையாகும் என்பதற்கு நம் வீட்டிலேயே உள்ள சான்று இது. ஆகவே, அறிவியலைப் பார்த்து அஞ்சுங்கள் என்று நமக்கு அறிவுரை கூறுவோர், எந்தப் பாதைக்கு நம்மைத் திரும்ப அழைக்கின்றனர் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

தமிழ் மண்ணிலும் இதற்கு ஒரு தொடர்பு உண்டு. 1689 டிசம்பரில் புதுச்சேரியில், ழான் ரிஷோ என்னும் பிரெஞ்சு இயேசு சபைக் குரு, வால்மீன் ஒன்றைத் தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஆல்பா சென்டாரி என்னும் விண்மீன் ஒன்றன்று, இரண்டு என்பதைக் கண்டார். இந்திய மண்ணில் தொலைநோக்கி வழியாக நிகழ்ந்த முதற்கண்டுபிடிப்புகளுள் ஒன்று அது. கோடையின் முன்னிரவில் பொதட்டூர்பேட்டையிலிருந்தும் தெற்கு அடிவானத்தருகே அவ்விண்மீனைக் காணலாம். 2016 ஆகஸ்டில் வானியலார் அறிவித்த செய்தி ஒன்று உண்டு. அந்த இரட்டையின் மூன்றாம் துணையான பிராக்சிமா சென்டாரியை, நிலவுலகை ஒத்த எடையுடைய கோள் ஒன்று சுற்றிவருகிறது. நீர் திரவநிலையில் இருக்கத்தக்க தொலைவில் அது இருக்கிறது. நம் கதிரவனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் அதுவே, தொலைவு 4.2 ஒளியாண்டு. அங்கே உயிர் உண்டென்று எவரும் நிறுவவில்லை. ஆனால், வேற்றுலக உயிரைப் பற்றி இன்று எவர் பேசினாலும் முதலில் சுட்டும் அவ்விடத்தை, 300 ஆண்டுகளுக்கு முன்பே தமிழகக் கடற்கரையில் நின்று உற்றுநோக்கியவர் ஒரு குரு. நோக்கியதால் அவர் நம்பிக்கை உடைந்துவிடவில்லை.

2008 மே மாதம், வத்திக்கான் வானாய்வகத்தின் அன்றைய இயக்குநர் அருள்பணி ஹோசே கபிரியேல் ஃபூனெஸ், வேற்றுலகில் உயிர் இருக்கலாம் என்று கருதுவது நம்பிக்கைக்கு முரணன்று, கடவுளின் படைப்புச் சுதந்திரத்துக்கு நாம் வரம்பிட முடியாது என்று விளக்கினார். மறு ஆண்டு நவம்பரில், உயிரின் தோற்றத்தையும் பிற உலகங்களில் உயிர் இருக்கும் வாய்ப்பையும் குறித்து, திருப்பீட அறிவியல் கழகம் அறிஞர்களை அழைத்து ஆய்வு வாரம் நடத்திற்று. 2025இல் அந்த வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றவர், இந்தியாவைச் சேர்ந்த இயேசு சபைக் குரு ரிச்சர்டு டிசோசா. திருச்சபை தொலைநோக்கியின் முன் அமர்ந்திருக்க, அதன் மக்களாகிய நாம் துண்டறிக்கையின் முன் நடுங்குவது தகுமோ?

நல்ல சாட்சிகள்

வேற்றுலக உயிர்த்தேடலை அறிவியலார் மெய்யான முயற்சியாகத் தொடங்கியது 1959இல். அவ்வாண்டு கொக்கோனி, மாரிசன் என்னும் இயற்பியலார் இருவர், அறிவுயிர்கள் எங்கேனும் இருந்தால் 21 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள வானொலி அலையில் அவர்கள் செய்தி அனுப்பலாம், அதில் தேடுவோம் என்று எழுதினர். தேடாவிட்டால் கிடைக்கும் வாய்ப்பு சுழியம் என்பதே அவர்கள் வாதம். மறு ஆண்டு பிராங்க் டிரேக், அருகிலுள்ள இரு விண்மீன்களை நோக்கித் தம் வானொலித் தொலைநோக்கியைத் திருப்பினார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றே எழுதினார். அந்த நேர்மையில்தான் இத்துறை கால்கொண்டது.

நம் நாட்டிலும் அந்நேர்மைக்கு எடுத்துக்காட்டு உண்டு. விண்ணிலிருந்து நுண்ணுயிர்கள் நிலவுலகுக்கு வருகின்றனவா என்பதை அறிய, ஜயந்த் நார்லிகரின் வழிகாட்டலில், 2001லும் 2005லும் ஐதராபாத்திலிருந்து பலூன்கள் ஏவப்பட்டன. இரண்டாம் முறை 20 முதல் 41 கிலோமீட்டர் உயரம் வரை காற்றைத் திரட்டினர். அதில் 12 பாக்டீரியக் குழுமங்களும் 6 பூஞ்சைக் குழுமங்களும் கிடைத்தன. அவற்றுள் மூன்று பாக்டீரியங்கள் அதுவரை அறியப்படாதவை. ஒன்றுக்கு இஸ்ரோவின் பெயரும், இன்னொன்றுக்கு ஆரியபட்டரின் பெயரும் சூட்டப்பட்டன. இதைவிடப் பரபரப்பான செய்தி உண்டா? ஆயினும் 2009இல் இதனை அறிவித்தபோது, இவ்வுயிர்கள் வேற்றுலகிலிருந்து வந்தவை என்று இந்த ஆய்வு முடிவாக நிறுவவில்லை என்று இஸ்ரோ தெளிவாகச் சொல்லிற்று. விண்ணுயிர்க் கொள்கையில் வாழ்நாளெல்லாம் ஆர்வம் காட்டியவர் நார்லிகர். அவர் உள்ளம் விரும்பிய விடை அருகில் வந்து நின்றது. ஆனாலும் கிடைத்ததற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டப்படவில்லை. 2025 மே மாதம் மறைந்த அப்பெரியார் சமயப் பற்றாளர் அல்லர். எனினும் எட்டாம் கட்டளையைக் காப்பது எவ்வாறு என்று அந்த ஆய்வு நமக்குக் கற்பிக்கிறது.

2001இல் கேரளத்தின் கோட்டயம் பகுதியில் செந்நிற மழை பெய்தது. அதன் துகள்கள் வால்மீனிலிருந்து வந்த உயிரணுக்களாகலாம் என்று அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் முன்வைத்தனர். அரசு பணித்த ஆய்வோ, அவை அப்பகுதி மரங்களில் படரும் பாசி வகை ஒன்றன் வித்துகள் என்று கண்டது. எத்தனை பேருக்கு முதற்செய்தி நினைவிருக்கிறது? எத்தனை பேருக்கு இரண்டாவது எட்டியது? பரபரப்புக்குக் கால்கள் பல. திருத்தத்துக்கு ஒரே கால், அதுவும் நொண்டுகிறது. ஆகவேதான் முதற்செய்தியைப் பரப்புவோர்க்கு இரட்டைக் கடமை என்கிறோம்.

நாம் செய்யத்தக்கது

‘நாங்கள் அறிவியலார் அல்லரே, எவ்வாறு ஆராய்வோம்?’ என்பது சிலர் கேள்வி. பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த இடத்தைத் தேடி முடிச்சிடும் பொறுமை நம் நெசவாளர்க்கு உண்டு. அறுந்த இழைக்குப் பேயைக் காரணம் சொல்லிக்கொண்டு தறியை ஓட்டுபவர் துணி நெய்ய முடியாது. அந்தப் பொறுமையே இங்கும் போதும்.

ஓர் ஒளியைக் கண்டால் முதலில் மணியைக் குறியுங்கள். எத்திசை என்று குறியுங்கள். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அது வானில் ஏறத்தாழ 10 பாகை. அடிவானத்திலிருந்து எத்தனை முட்டி உயரம் என்று எண்ணுங்கள். அசைகிறதா, நிற்கிறதா, எவ்வளவு நேரம் தெரிந்தது என்று எழுதுங்கள். மறுநாள் அதே நேரத்தில் ஏறத்தாழ அதே இடத்தில் தெரிந்தால், அது பெரும்பாலும் ஒரு கோள். முத்துக் கோத்தாற்போல வரிசையாகச் சென்றால், 2019 முதல் தொகுதி தொகுதியாக ஏவப்பட்டுவரும் செயற்கைக்கோள்களாகலாம். அந்தி வேளையில் விரிந்து படர்ந்து நிறம் மாறினால், அன்று எங்கேனும் ஏவுகணை செலுத்தப்பட்டதா என்று பாருங்கள். தரை இருண்டபின்னும் மேலே கதிரவன் ஒளி படுவதால் அதன் புகை சுடர்விடும். 2022 டிசம்பர் 15ஆம் நாள் கொல்கத்தா மக்களைத் திகைக்கவைத்த ஒளி, ஒடிசாக் கடற்கரையிலிருந்து ஏவப்பட்ட அக்னி 5. அதே ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் மகாராட்டிர வானில் தீக்கோடுகளாகச் சென்று, சந்திரப்பூர் மாவட்டத்தில் உலோக வளையமாக விழுந்தது, சீன ஏவுகலம் ஒன்றின் எஞ்சிய பகுதி என அறிஞர்கள் கணித்தனர். ஸ்ரீஹரிகோட்டாவுக்கு இத்துணை அருகில் வாழும் நாம் இவற்றை அறியாதிருக்க நியாயமில்லை.

இவ்வளவும் செய்தபின் விளங்கவில்லையென்றால், ‘தெரியவில்லை’ என்று சொல்லுங்கள். அச்சொல்லில் இழிவில்லை. மறைக்கல்வி வகுப்பிலும் அன்பியக் கூட்டத்திலும் நம் பிள்ளைகளுக்கு இச்சொல்லைக் கற்பிப்போம். இளையோரைக் காவலூருக்கு அழைத்துச் செல்வோம். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்ட நாள் 1986 ஜனவரி 6. நம் மரபில் அது மூவரசர் திருநாள். அந்த ஞானியர் விண்மீனைக் கண்டதும் ஊரைக் கூட்டி அச்சுறுத்தவில்லை. விண்மீனைப் பின்தொடர்ந்து நடந்தனர், வழியில் விசாரித்தனர், இறுதியில் ஓர் ஏழைக் குழந்தையின் முன் வந்து நின்றனர்.

வேற்றுலகில் உயிர் உண்டென்று ஒருநாள் நிறுவப்படலாம், நிறுவப்படாமலும் போகலாம். உண்டென்றால், நம் தந்தையின் வீடு நாம் எண்ணியதினும் பெரிது என்று அறிந்து மகிழ்வோம். அதுவரை, விண்ணில் இருப்போரைப் பற்றிப் பொய் சொல்லாதிருப்போம். மண்ணில் இறந்தோரைப் பற்றி உண்மையைக் கேட்போம். இவ்விரண்டும் ஒரே கட்டளையின் இரு பக்கங்கள்.